ஒரு நூல்

ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டுக்கு அலமாரி செய்ய வேண்டியிருந்தது. பிளைவுட் சேலத்திலிருந்து வர வேண்டும். ஏற்காட்டுக்கு ஏறும் பெரிய பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக வரும் மற்றப் பாதையிலும் வளைவுக்குப் பஞ்சமில்லை. எட்டடி ஷீட்டைக் குட்டி யானையில் ஏற்றினால் வால் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. ஆறு ஷீட் இறக்கி வைப்பதற்குள் மூலைகளில் இரண்டு நசுங்கியிருந்தன.

“கீழேயே கடையில வெட்டிக்கிட்டு வந்திருக்கலாமே, மேஸ்திரி?”

“கடைக்காரங்க நீங்க எழுதிக் குடுக்கற அளவுக்கு வெட்டித் தருவாங்க சார். செவுத்தோட அளவு இங்கதானுங்களே இருக்குது?”

அந்தச் சுவர் அவர் பக்கம்தான் சாட்சி சொன்னது. தரையருகே ஓர் அளவு, ஜன்னல் மட்டத்தில் வேறோர் அளவு, உத்தரத்தடியில் மூன்றாவது. பழைய மலைவீடுகளில் நேர்க்கோணம் என்பது ஒரு நல்லெண்ணம் மட்டுமே. ஷீட்டை இங்கேதான் அறுக்க வேண்டும். எந்த ரம்பத்தால் என்று நான் கேட்டேன். பல நாள் அதைப் பற்றியே படித்து வைத்திருந்தேன், என் அறிவைக் காட்ட ஆசை. அவர் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு நீளப் பலகையைக் காட்டி, “ரம்பம் எதுன்னு கேக்கறீங்க, கட்டை எதுன்னு கேக்கலீங்களே?” என்றார்.

அந்தக் கட்டைக்குப் பிறகு வருவோம். முதலில் அவர் பேசும் அளவு. தமிழ்நாட்டுத் தச்சுப் பட்டறையில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு ‘நூல்’. மில்லிமீட்டரில் 3.175. டேப்பில் மில்லிமீட்டர் கோடுகள் வந்து எத்தனையோ காலம் ஆகியும், “ரெண்டு அடி மூணு அங்குலம் ரெண்டு நூல்” என்றுதான் அளவு இன்னும் கூவப்படுகிறது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு நூலைப் பற்றியதுதான்.

அடுத்து மரம். தோட்டத்தைச் சுற்றி நிற்பவை சில்வர் ஓக் மரங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்த பெருமை, 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்னுக்குத் தரப்படுகிறது. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும், மிளகுக் கொடிக்குப் பற்றிக்கொள்ளத் தண்டு வேண்டும். இரண்டுக்கும் பின்னாளில் வாய்த்தது ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் பிறந்த சில்வர் ஓக். பெயரில்தான் ஓக், குடும்பம் வேறு. நெடுநெடுவென்று நேராக வளரும், பக்கக் கிளைகளைக் கழித்துவிட்டால் கோபித்துக்கொள்ளாது. அதன் நேரான தண்டுக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு: ஒட்டுப்பலகை ஆலை.

ஆலையில் கட்டையைப் பலகையாக அறுப்பதில்லை. பென்சில் சீவுவதுபோல, கட்டையைச் சுழலவிட்டு நீளமான கத்தியால் தோலுரிக்கிறார்கள். பாய் விரிவதுபோல ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் மரம் விரிந்து வரும். அதைத் துண்டாக்கிக் காயவைத்து, ஒரு அடுக்கின் நார் நெடுக்கிலும் அடுத்த அடுக்கின் நார் குறுக்கிலுமாகப் பசை தடவி அடுக்கி, சூட்டில் அழுத்தினால் பிளைவுட். அடுக்குகள் பெரும்பாலும் ஒற்றைப்படை, இருபுற முகங்களிலும் நார் ஒரே திசையில் ஓட வேண்டும் என்பதற்காக. மேல்முகத்துக்கு மட்டும் அழகான வேறு மரத்தின் தோல். நம் சந்தையில் கிடைக்கும் பல ஷீட்டுகளில் அது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்த மெல்லிய தோல்தான் பின்னால் நம்மை அழவைக்கப் போகிறது.

உத்தி புதிதல்ல. எகிப்தின் சக்காராவில், ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடில் கிடைத்த ஒரு சவப்பெட்டியின் பலகை ஆறு அடுக்காக, நார் மாற்றி மாற்றி ஒட்டப்பட்டிருந்தது. நாலாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய தச்சனுக்கும் தெரிந்திருந்த விஷயம் இதுதான்: மரம் நெடுக்கில் அசையாது, குறுக்கில் அடங்காது.

அசைவு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சுவாரசியமான எண் வருகிறது. ஓரடி அகலமுள்ள சில்வர் ஓக் பலகையை வெயில் காலத்தில் சேலத்தில் வாங்கி, பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் கொட்டச்சேட்டில் வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பலகையின் ஈரப்பதம் நான்கு சதவீதம் ஏறினாலும் அதன் அகலம் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் வரை கூடும், அதாவது ஒரு நூலை நெருங்கும். நீளத்திலோ அதில் பத்தில் ஒரு பங்குகூட மாற்றம் இருக்காது. அதனால்தான் பழைய கதவுகளில் சட்டத்துக்குள் காடி வெட்டி, நடுப்பலகையை ஆணியடிக்காமல் சும்மா செருகி வைத்தார்கள். பலகை ஊதவும் ஒடுங்கவும் இடம் விட்ட அந்தத் தச்சனுக்கு மில்லிமீட்டர் சுத்தம் தேவைப்படவில்லை, அது இருந்திருந்தாலும் ஆடி மாதம் வரைக்கும்தான் நின்றிருக்கும்.

பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் குறுக்கு வீக்கத்தையும் அடுத்த அடுக்கின் நெடுக்கு நார் பிடித்து நிறுத்திவிடுகிறது. வெட்டிய அளவு வெட்டியபடியே நிற்கும். ஒரு நூல் தவறினால் இனி வானிலையின் மேல் பழிபோட முடியாது, வெட்டியவர்தான் பொறுப்பு. பெரிய ஷீட்டைத் துல்லியமாக அறுப்பது ஒரு தனிப் பிரச்சினையாக ஆனதே இப்படித்தான்.

அறுக்கும்போது அந்தக் குறுக்கு நெடுக்கே எதிரியாகிறது. முழு மரத்தை நார்ப்போக்கில் பிளக்க ஒரு வகைப் பல், நாருக்குக் குறுக்கே நறுக்க வேறு வகைப் பல் என்று ரம்பங்கள் இரண்டு குலம். பிளக்கும் ரம்பத்தில் பல் குறைவு, ஒவ்வொன்றும் சிறு உளிபோல நாரைப் பெயர்த்துத் தள்ளும். நறுக்கும் ரம்பத்தில் பல் அதிகம், ஒவ்வொன்றும் கத்தி நுனிபோல நாரைக் கீறி அறுக்கும். பிளைவுட்டில் எந்தத் திசையில் அறுத்தாலும் ஏறக்குறையப் பாதி அடுக்குகள் குறுக்கே வந்து நிற்கும். ஆகவே பிளக்கும் ப்ளேடுக்கு இங்கே வேலையே இல்லை. பத்து அங்குல ப்ளேடு என்றால் 60 முதல் 80 பல், ஒரு பல் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சரிவாகத் தீட்டியது. இரண்டு பற்களும் வெட்டின் இரு கரைகளையும் முதலில் கீறிவிட, நடுவில் இருப்பது தானாக உதிரும். சன்மைக்கா ஒட்டிய பலகைக்கு மட்டும் இந்தக் கூர்நுனி சீக்கிரம் உடையும், அதற்குத் தட்டையான பல்லும் மூலை மழுங்கிய பல்லும் மாறி மாறி வரும் ப்ளேடு உண்டு.

பல் எதனால் ஆனது என்பதும் முக்கியம். கொட்டச்சேட்டில் தேக்குக் காடு உண்டு. தேக்கின் கட்டைக்குள் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிகா, அதாவது மணலின் சரக்கு, கலந்திருப்பதால் எஃகு ரம்பம் அதில் விரைவில் மொண்ணையாகும். பிளைவுட்டில் அந்த வேலையைப் பசை செய்கிறது. காய்ந்து இறுகிய ஃபார்மால்டிஹைடு பசை ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே கண்ணாடிபோல நிற்கும். கைரம்பத்தை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தால்தான் நாலு ஷீட் தாண்டும். இதற்குத் தீர்வு 1920களில் ஜெர்மனியில், மர வேலைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் பிறந்தது. கோபால்ட்டில் பிணைத்த டங்ஸ்டன் கார்பைடை க்ருப் நிறுவனம் 1926 வாக்கில் விடியா என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ‘வைரம்போல’ என்ற ஜெர்மன் சொற்றொடரின் சுருக்கம் அது. நம் ஊர் லேத் பட்டறைகளில் இன்றும் ‘விடியா டூல்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். ப்ளேடின் உடம்பு எஃகு, பல் நுனியில் மட்டும் ஒரு பொட்டு கார்பைடு. இந்தப் பொட்டு உடம்பைவிடச் சற்று அகலமாக இருப்பதால் ப்ளேடு வெட்டில் உரசாமல் ஓடுகிறது. பழைய ரம்பத்தில் பல்லை இடமும் வலமும் வளைத்து விடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

இனி இயந்திரம். சேலத்துப் பிளைவுட் கடைகளில் இருக்கும் பேனல் சாவின் மூதாதையை 1906இல் வில்ஹெல்ம் ஆல்டென்டோர்ஃப் என்ற ஜெர்மன் தச்சர் செய்தார். மரத்தை ரம்பத்தின்மேல் தள்ளுவதற்குப் பதிலாக, மரம் கிடக்கும் மேசையையே தண்டவாளத்தில் நகர்த்தினார். இன்றைய பேனல் சாவில் பெரிய ப்ளேடுக்கு முன்னால் ஒரு குட்டி ப்ளேடு எதிர்த்திசையில் சுழன்று, அடிமுகத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறிவிட்டுப் போகும். பிசிறு என்ற பேச்சே இல்லை. எட்டடி நீளத்துக்கு அரை மில்லிமீட்டர் பிசகாது. பெரிய ஷீட்டுக்கு இதைவிட நல்ல ரம்பம் இல்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அது ஓர் அறையை அடைத்துக்கொள்ளும், மூன்று ஃபேஸ் மின்சாரம் கேட்கும். மலைமேல் ஒற்றை ஃபேஸ் வீட்டில், பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடினால் பல்பு மங்கும் இடத்தில், அதைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு.

மேஸ்திரியின் பையில் இருந்தது தமிழ்நாட்டுத் தச்சர்களில் பெரும்பாலோர் பையில் இருப்பது: நாலங்குல கட்டிங் மெஷின். பளிங்குக்கல் அறுக்கப் பிறந்தது, வைர ப்ளேடைக் கழற்றிவிட்டு 40 பல் கார்பைடு ப்ளேடு மாட்டப்பட்டது. விலை குறைவு, ஒரு கையில் அடங்கும், கல்லும் மரமும் அறுக்கும். அதன் குறையை எண்களில் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 13,000 சுற்று. 110 மில்லிமீட்டர் ப்ளேடின் விளிம்பு வினாடிக்கு 75 மீட்டர் பாய்கிறது, மணிக்கு 270 கிலோமீட்டர். நாற்பது பல்லும் சேர்ந்து வினாடிக்கு எட்டாயிரத்து அறுநூறு முறைக்கு மேல் மரத்தைத் தொடும். எட்டடி ஷீட்டை ஐம்பது வினாடியில் அறுத்தால் ஒரு பல்லின் பங்குக்கு வருவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. எழுதும் தாளின் கனத்தில் பதினாறில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய சீவலைப் பல் வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தேய்த்தால் சூடு, சூட்டில் வெட்டின் கரை கருகும். தள்ளுவதில் கொஞ்சம் தயங்கினாலே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஏழேகால் அங்குல வட்ட ரம்பம் இதைவிட நிதானமானது, நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு அக்கம்பக்கம். அதே 40 பல், அதே வேகத்தில் தள்ளினால் ஒரு பல்லுக்கு இரண்டரை மடங்கு சீவல். பல் வேலை செய்கிறது, தேய்ப்பதில்லை. அடித்தகடும் அகலம், மரத்தின்மேல் ஆடாமல் உட்காரும். இந்த இயந்திரத்தின் பிறப்பில் நமக்குப் பழக்கமான ஒரு காட்சி உண்டு. 1920களின் தொடக்கத்தில் எட்மண்ட் மிஷெல் என்பவர் அமெரிக்காவின் லூசியானாவில் கரும்பு வெட்டும் ஆட்கள் கத்தியை வீசி வீசி மாய்வதைப் பார்த்து, வெட்டுக்கத்தியில் மோட்டார் பொருத்த முயன்றார். கரும்புக்கு அது வாய்க்கவில்லை, மரத்துக்கு வாய்த்தது. பெயர் பெற்ற ஸ்கில் ரம்பத்தின் கதை அது.

ஜிக்சாவை இந்தப் போட்டியிலேயே சேர்க்கக் கூடாது. அதன் ப்ளேடு மேலே ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட நாக்கு. வளைவு வெட்டப் பிறந்தது, நேராகப் போகச் சொன்னால் 18 மில்லிமீட்டர் கனத்துக்குள்ளேயே சாய்ந்துகொள்ளும். மேலே கோட்டில் இருக்கும், கீழே குனிந்து பார்த்தால் வேறு ஊரில் இருக்கும்.

பிசிறு எந்த முகத்தில் வரும் என்பதற்கு ஒரே விதி: பல் மரத்தைவிட்டு வெளியேறும் பக்கத்தில். உள்ளே நுழையும்போது நாருக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க மரம் இருக்கிறது, வெளியேறும்போது இல்லை. அந்த அரை மில்லிமீட்டர் தோல் தூக்கிக்கொண்டு பிய்யும். கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்திலும் சாதாரண ஜிக்சா ப்ளேடிலும் பல் கீழிருந்து மேலே வரும், நல்ல முகத்தைக் கீழே போட வேண்டும். மேசை ரம்பத்தில் பல் மேலிருந்து கீழே இறங்கும், நல்ல முகம் மேலே. தள்ளி அறுக்கும் கைரம்பத்துக்கும் அப்படியே. இதைத் தலைகீழாகச் செய்து, முழு ஷீட்டின் தேக்கு முகத்தை நரிமுடிபோல ஆக்கிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் இந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்போது கட்டை.

எந்த ரம்பத்துக்கும் தானாக நேரே போகத் தெரியாது. எட்டடி தூரத்துக்குக் கையை நம்பிப் பென்சில் கோட்டின்மேல் ஓட்டினால், உலகின் விலையுயர்ந்த இயந்திரமும் ஒரு நூல் அலையும். பேனல் சாவின் துல்லியம் அதன் ப்ளேடில் இல்லை, அது ஓடும் தண்டவாளத்தில் இருக்கிறது. தண்டவாளத்தோடு விற்கப்படும் டிராக் சாவும் அதைத்தான் சுமந்து வருகிறது. மேஸ்திரியின் கட்டை அதே சங்கதியின் நாட்டு வடிவம். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் எட்டடி நீளம், ஓரடி அகலத்தில் ஓர் அடிப்பலகை. அதன்மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டிலிருந்து எடுத்த மூன்றங்குலப் பட்டை, ஆலையில் வெட்டி வந்த விளிம்பு ரம்பத்தின் பக்கம் பார்த்தபடி ஒட்டித் திருகப்பட்டிருக்கும். பட்டையை ஒட்டி ரம்பத்தை ஒருமுறை ஓட்டினால் அடிப்பலகையின் மிச்ச அகலம் அறுந்து விழும். விழுந்தபின் அடிப்பலகையின் ஓரம்தான் ப்ளேடு போகும் கோடு. இனி எந்த ஷீட்டிலும் அந்த ஓரத்தைப் பென்சில் கோட்டில் வைத்து இறுக்கினால் போதும். ரம்பத்தின் அடித்தகடு எத்தனை அங்குலம் என்று கூட்டிக் கழிக்கும் வேலையே இல்லை. கூடவே அந்த ஓரம் வெட்டின் கரையை அழுத்திப் பிடிப்பதால் தோல் தூக்காது. கட்டைக்கு அடியில் இருக்கும் துண்டு சுத்தமாக வரும், பிசிறு வெளியே விழும் துண்டுக்குப் போகும்.

கட்டை நேராக இருக்கிறதா என்று அவர் சோதித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பட்டையை ஒட்டுவதற்கு முன் ஷீட்டின்மேல் வைத்து அதன் ஓரத்தோடு கோடு கிழித்தார். பிறகு அதைத் தோசைபோலப் புரட்டி, அதே ஓரத்தை அதே இரு புள்ளிகளில் வைத்து மறுபடி கிழித்தார். ஓரம் நேர் என்றால் இரண்டு கோடும் ஒன்றாகும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் வளைந்திருந்தால் கோடுகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் விரியும். பிழையைத் தானே இரட்டிப்பாக்கிக் காட்டும் சோதனை, வேறு அளவுகோலே தேவையில்லை. நேரான ஒன்று கையில் இல்லாதபோது நேரை உண்டாக்குவது எப்படி என்பது அளவியலின் மிகப் பழைய கேள்வி. அதற்கு ஒரு பதிலை ஒரு பென்சிலோடு பார்த்தேன்.

மூலைக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 2440-க்கு 1220 ஷீட்டில் எதிர்மூலைத் தூரம் 2728 மில்லிமீட்டர். ஆனால் எண்ணை நினைவில் வைக்கத் தேவையில்லை, இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்த்தாலே போதும். நாலடிப் பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் மூலைவிட்டங்கள் ஏறக்குறைய இரண்டு நூல் வேறுபடும். ஆலை விளிம்பு என்பதற்காக மூலையை நம்பக் கூடாது. எங்கள் ஆறு ஷீட்டில் ஒன்று நாலு மில்லிமீட்டர் பொய் சொன்னது.

அதன்பின் வந்ததுதான் என் பிழை. எட்டடியை நாலாக வகுத்தால் இரண்டடி, நாலு தட்டு கிடைக்கும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். மேஸ்திரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, “ப்ளேடு தின்னறதுக்கு என்னங்க சார் குடுப்பீங்க?” என்றார். மூன்று வெட்டு. பத்து அங்குல ப்ளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மில்லிமீட்டரை, ஏறக்குறைய ஒரு நூலைத் தூளாக்கும். 2440இல் ஒன்பது போனால் 2431, நாலாக வகுத்தால் 607.75. ஒவ்வொரு தட்டும் இரண்டடிக்கு இரண்டு மில்லிமீட்டர் குறையும். கையடக்க ரம்பத்தின் மெல்லிய ப்ளேடு இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழேதான் தின்னும் என்றாலும் கணக்கு உதைக்கும். கோட்டின் எந்தப் பக்கம் ப்ளேடு போக வேண்டும் என்பதற்கு அவர் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டுக்கொள்கிறார். குறி போட்ட பக்கம் தூளாகப் போகும் பக்கம். மூன்று கோட்டையும் முன்கூட்டியே கிழித்து வைப்பதும் இல்லை. ஒன்றை அறுத்து, புது விளிம்பிலிருந்து அளந்து, அடுத்ததைக் கிழிக்கிறார்.

ஷீட்டை இரண்டு முக்காலிகளின்மேல் போட்டு நடுவில் அறுப்பதை அவர் அனுமதிக்கவில்லை. வெட்டு முன்னேற முன்னேற நடுப்பகுதி தன் பாரத்தில் தொங்கும், வெட்டுவாய் மேலே மூடிக்கொண்டு ப்ளேடைக் கவ்வும். கவ்விய ப்ளேடின் பின்பக்கப் பற்கள் கீழிறங்கிக்கொண்டிருப்பவை, அவை மரத்தில் ஊன்றி இயந்திரத்தையே தூக்கி ஆளை நோக்கி எறியும். தரையில் இரண்டங்குல தெர்மாகோல் தகடுகளைப் பரப்பி அதன்மேல் ஷீட்டைக் கிடத்தினார். ப்ளேடின் ஆழம் 18 மில்லிமீட்டருக்குக் கீழே சில மில்லிமீட்டர் மட்டும். தெர்மாகோல் கீறுபடும், ஷீட் எங்கும் தொங்காது, அறுந்த துண்டும் இருந்த இடத்திலேயே கிடக்கும். கட்டிங் மெஷினின் காப்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அறுக்கும் வழக்கத்தை மட்டும் நான் வாய்விட்டுக் கண்டித்தேன். முகத்துக்குத் துணியும் கட்டச் சொன்னேன், துணி போதாது, நல்ல முகமூடி வேண்டும். மரத்தூளையும் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பிளைவுட் அறுக்கும் அறையில் இரண்டும் சேர்ந்தே பறக்கின்றன.

நான் ஏற்காட்டில் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்த ஏழேகால் அங்குல ரம்பத்தை அவரிடம் நீட்டினேன். கையில் தூக்கிப் பார்த்தார், அடித்தகட்டைத் தடவினார், பிடித்துப்போயிற்று. கட்டையை எடுத்து நான் ஷீட்டின்மேல் வைக்கப் போனபோது தடுத்துவிட்டார். அது நாலங்குல மெஷினுக்கு அறுத்த கட்டை. இந்த ரம்பத்தின் ப்ளேடு அடித்தகட்டின் ஓரத்திலிருந்து வேறு தூரத்தில் நிற்கிறது, ஓரம் இனி பொய்க்கோடு. அரை மணி நேரம் செலவழித்துப் புதிதாக ஒன்று செய்தார். ஒட்டிய பசை காய்ந்ததும் ஒருமுறை ரம்பத்தை ஓட்டி ஓரத்தை அறுத்தார். பிறகு தச்சுப் பென்சிலை நாக்கில் தொட்டு, அதன் முதுகில் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘ஏழேகால். 40 பல். வேற ப்ளேடு போட்டா வைக்காதே.’